இடிப்பதா, பேணுவதா? பிரசெல்ஸ் நகரின் மக்கள் இல்லமும் பொதுமண்டபம் பற்றிய சில சிந்தனைகளும்

1

நகரங்களின் மையப்பகுதிகள் புதிதாகத் திட்டமிடப்படும்போது, அங்கே பல்லாண்டுகளாக நின்றுவரும் பொதுமண்டபத்தை இடிப்பதா, பேணுவதா என்ற வினா தவறாது எழுகின்றது. இடிக்க வேண்டும் என்போர் கூரையின் ஒழுக்கையும் இரும்பின் துருவையும் நிலத்தின் விலையையும் காட்டுவர். பேணவேண்டும் என்போர் கட்டடத்தின் வயதையும் கலைச்சிறப்பையும் அங்கு நிகழ்ந்த கூட்டங்களையும் காட்டுவர். இரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர். மண்டபம் என்பது சுவரும் கூரையுமே என்பது இருவருக்கும் பொதுவான எடுகோளாகும். இவ்வெடுகோளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுமண்டபமொன்றில் மூன்று கூறுகள் இணைந்துள்ளன. ஒன்று, கட்டடம். மற்றொன்று, அங்கு கூடுவோரின் பயன்பாடு. மூன்றாவது, நிலமும் கட்டடமும் யார் கையில் உள்ளன என்ற உடைமை. ஈழத்துக் கிராமத்துச் சனசமூக நிலையத்தை நினைந்துகொண்டால் இது எளிதிற் புலப்படும். ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாக மாறிய பின்னரும் அது அதே நிலையமாகவே கருதப்படுகின்றது. ஆனால் அதன் வாசிகசாலை பூட்டப்பட்டுக் காணி தனியொருவரின் கைக்கு மாறுமாயின், சுவர்கள் அப்படியே நின்றபோதிலும் நிலையம் இல்லாதொழிந்துவிடுகின்றது. இம்மூன்று கூறுகளும் ஒன்றிலிருந்தொன்று பிரிக்கப்படும் விதத்தை அறிவதற்குப் பெல்ஜியத் தலைநகரான பிரசெல்சில் 1899இல் திறக்கப்பட்டு 1965இல் இடிக்கப்பட்ட மக்கள் இல்லத்தின் வரலாறு பெரிதும் துணைசெய்கின்றது.

2

பெல்ஜியத் தொழிலாளர் கட்சி 1885இல் பிரசெல்சின் பெருஞ்சதுக்கத்திலிருந்த ஒரு கோப்பிச்சாலையிலே தொடங்கப்பட்டது. கூடிப் பேசுவதற்கு அக்காலத் தொழிலாளருக்குச் சொந்த இடம் இருக்கவில்லை. மண்டப உடைமையாளன் கதவை மூடினால் கூட்டம் இல்லை; மதுச்சாலைக்காரன் அஞ்சினால் சங்கம் இல்லை. பேச்சுரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தபோதிலும், பேசுவதற்கான கூரை சொத்துடையோரிடமே இருந்தது. எனவே தமக்கெனக் கூரையொன்றை அமைத்துக்கொள்வது தொழிலாளர் இயக்கத்தின் முதற்றேவைகளுள் ஒன்றாயிற்று.

இதற்கான பொருள்வளம் பாணிலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பெல்ஜிய சோசலிச இயக்கத்தின் முதுகெலும்பாக விளங்கியவை கூட்டுறவுச் சங்கங்களாகும். அவை பாண் சுட்டு விற்றன, அதிற் கிடைத்த மிகுதியைக் கொண்டு மருத்துவ உதவியும் வேலைநிறுத்தக் காலத்து ஆதரவும் வழங்கின, மண்டபங்களையும் எழுப்பின. பிரசெல்சின் மக்கள் இல்லம் அத்தகைய கூட்டுறவொன்றின் இல்லமேயாகும். தொழிலாளர் நாள்தோறும் வாங்கி உண்ட பாணின் சிறுசிறு மிகுதிகள் சேர்ந்து கல்லாகவும் உருக்காகவும் உருப்பெற்றன எனலாம்.

கட்டடத்தை வரையும் பொறுப்பு 1895இல் விக்டர் ஹோர்ட்டாவிடம் ஒப்படைக்கப்பட்டது. செல்வர்களுக்கு மாளிகைகள் அமைத்துப் புகழ்பெற்று வந்த இளங்கலைஞர் அவர். இரும்பையும் கண்ணாடியையும் மறைக்காது வெளிக்காட்டி, கொடிபோல வளைத்து அழகுசெய்யும் ஆர் நுவோ என்னும் புதுக்கலைப் பாணியின் முன்னோடிகளுள் அவர் ஒருவர். வளவோ சீரற்றது, சரிவான தரையிலே வட்டச் சதுக்கமொன்றின் ஓரத்தை அணைத்துக் கிடந்தது. அச்சதுக்கத்தின் வளைவையே முகப்பின் வளைவாக்கினார் ஹோர்ட்டா. தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்புகளில் நெடுங்காலம் இல்லாதிருந்த காற்றும் ஒளியுமே இங்கு அவர்களுக்குரிய ஆடம்பரம் என்ற கருத்தை அவர் தம் நினைவுக்குறிப்புகளிற் பதிந்துள்ளார். மாளிகைகளுக்குப் பயன்பட்ட கலை இங்கு வேறொரு வர்க்கத்தின் பணிக்கு வந்தது.

கட்டடத்தின் உள்ளமைப்பு மேலும் கவனிக்கத்தக்கது. கீழ்த்தளத்திற் பெரிய கோப்பிச்சாலையும் கூட்டுறவுக் கடைகளும் இருந்தன. இடைத்தளங்களிற் சங்க அலுவலகங்களும் கூட்ட அறைகளும் அமைந்தன. இரண்டாயிரம் பேரளவில் அமரக்கூடிய பெருமண்டபம் உச்சித்தளத்தில் வைக்கப்பட்டது. பெருங்கூட்டம் மாடியேறவேண்டிய இவ்வேற்பாடு முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயின் நாள்தோறும் மக்கள் வந்துபோகும் கடையும் கோப்பிச்சாலையும் தெருவோடு ஒட்டியிருத்தல் அவசியம். கூட்டமோ இடையிடையே நிகழ்வது. அன்றியும், மேலே வேறு தளமெதனையும் தாங்கவேண்டாத கூரையின்கீழ் நடுவே தூண்களற்ற அகன்ற வெளியை உருக்குச் சட்டங்களால் அமைத்தல் எளிதாயிற்று. அன்றாட வாழ்வு அடியிலும் அரசியல் அதன் மேலுமாக அமைந்த இவ்வொழுங்கு, அவ்வியக்கத்தின் அமைப்பையே ஒத்திருந்தது.

1899 ஏப்பிரலில் நடைபெற்ற திறப்புவிழாவிற் பிரெஞ்சு சோசலிசத் தலைவர் ஜான் ஜோரேஸ் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டில் அமைக்கப்பட்ட சர்வதேச சோசலிசப் பணியகம் பிரசெல்சையே தன் இருப்பிடமாகக் கொண்டது. மக்கள் இல்லம் அதன் அலுவலகமாயிற்று. ஐரோப்பா போரின் விளிம்பில் நின்ற 1914 யூலை இறுதியில் அப்பணியகம் பிரசெல்சிற் கூடிப் போரைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்தது. கூட்டம் முடிந்து பாரிஸ் திரும்பிய ஜோரேஸ் யூலை 31இல் சுட்டுக்கொல்லப்பட்டார். இவ்வாறு ஒரு நகரத் தொழிலாளரின் பாண் கூட்டுறவு கட்டிய மண்டபம் உலக வரலாற்றின் ஒரு களமாயிற்று.

3

இத்தகைய கட்டடம் 1965இல் ஏன் இடிக்கப்பட்டது?

இரண்டாம் உலகப்போரின் பின்னர் பிரசெல்ஸ் நகரம் விரைந்து மாற்றப்பட்டது. நகரின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் புகையிரதப்பாதை மையப்பகுதியைக் கிழித்துக்கொண்டு 1952இல் நிறைவுற்றது. 1958ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியையொட்டி அகன்ற வீதிகளும் சுரங்கப்பாதைகளும் அமைக்கப்பட்டன. வங்கிகளும் கம்பனிகளும் அலுவலகங்களை நாடி வந்தன. மையப்பகுதி நிலத்தின் விலை உயர்ந்தது. நான்கைந்து மாடிகளைக்கொண்ட ஒரு மண்டபம் நிற்கும் நிலத்தில் இருபது மாடிகள் எழக்கூடுமாயின், மண்டபத்தின் ஒவ்வொரு நாளும் நிலவுடைமையாளனுக்கு இழப்பாகவே கணக்கிடப்படும். கட்டடம் பழுதடைந்ததனால் மட்டும் அதன் மதிப்புக் குறைவதில்லை. அதனடியிலுள்ள நிலத்தின் மதிப்பு ஏறுவதனாலும் கட்டடம் ‘பழுதடைந்ததாகத்’ தோன்றத் தொடங்குகின்றது.

கலைச்சுவையின் மாற்றமும் இதற்குத் துணைநின்றது. ஆர் நுவோப் பாணி அக்காலத்திற் பழம்பாணி என இகழப்பட்டது. ஹோர்ட்டா 1947இல் மறைந்தார். அவர் படைத்த மாளிகைகளுள் ஒன்றான ஒபெக் மாளிகை 1950இல் இடிக்கப்பட்டது. நூற்றாண்டுகள் பல கண்ட தேவாலயங்களையும் அரண்மனைகளையும் நினைவுச்சின்னங்களாகக் கொண்ட பார்வைக்கு, அறுபத்தாறு ஆண்டு வயதினதான இரும்புக் கட்டடம் பேணற்குரியதாகப் படவில்லை.

எனினும் இவையிரண்டையும்விட முக்கியமான காரணமொன்று உண்டு. மக்கள் இல்லத்தை இடிப்பதற்கு வழிவிட்டவர்கள் வெளியாரல்லர். அதன் உடைமையாளராய் இருந்த சோசலிச இயக்கத்தின் அமைப்புகளே இடிப்புக்கு இணங்கின. 1899இல் வாக்குச் சமத்துவத்துக்காகப் போராடிய கட்சி 1960களில் அமைச்சரவைகளில் இடம்பெறும் கட்சியாக மாறியிருந்தது. மருத்துவ உதவியும் ஓய்வூதியமும் அரசின் சமூகக் காப்புறுதியாகிவிட்டன. தலைமைக்கு வேண்டியிருந்தது அலுவலகமேயன்றி மண்டபமன்று. மண்டபத்திற் கூடுவோர் குறைந்தபின், இயக்கத்தின் கணக்கேட்டில் அது சொத்தாக மட்டுமே எஞ்சியது. சொத்தாக மட்டும் எஞ்சுவதை விற்பது வணிக நியாயப்படி தவறாகாது. ஆகவே மக்கள் இல்லத்தின் இடிப்பு 1965இல் தொடங்கியதன்று. பயன்பாடும் உடைமையும் பிரிந்த நாளிலேயே அது தொடங்கிவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

எதிர்ப்பு எழாமலில்லை. உலகின் பல நாடுகளையுஞ் சேர்ந்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடக்கலைஞர் இடிப்பைக் கண்டித்தனர். 1964இல் வெனிஸ் நகரில் உருவான நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சாசனம், கட்டடங்களைச் சமூகப் பயனுள்ள காரியங்களுக்கு ஈடுபடுத்துவது அவற்றின் பேணலுக்கு உதவும் என்ற கொள்கையை வகுத்திருந்தது. அடுத்த ஆண்டே மக்கள் இல்லம் இடிக்கப்பட்டது. எதிர்ப்புக் குரலிற் கலைஞரும் அறிஞரும் முன்னின்றனர். அதே மண்டபத்திற் கூடிய தொழிலாளரின் குரல் அதற்கீடாக ஒலிக்கவில்லை. கட்டடத்தின் கலைப்பெறுமதியை வாதிடுவோரிடம் அறிவு இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை. அதிகாரம் பெற்றிருந்த அமைப்பிடமோ மண்டபத்தின் தேவை பற்றிய உணர்வு இருக்கவில்லை.

இடிப்பின்போது ஒரு சமாதானம் கூறப்பட்டது. ஹோர்ட்டாவின் மாணவரான ஜான் டெலே கட்டடத்தை அளந்து பதிவுசெய்தார். முக்கிய பாகங்கள் கழற்றி இலக்கமிடப்பட்டன. பின்னர் வேறோரிடத்தில் அவை மீளப் பொருத்தப்படும் என எதிர்பார்க்கப்பட்டது. அது நிறைவேறவில்லை. வெளியிற் கிடந்த இரும்பு துருவேறியது, பாகங்கள் சிதறின. சில பாகங்கள் 2000ஆம் ஆண்டில் அன்ற்வேர்ப் நகரத்தில் ஹோர்ட்டாவின் பெயர்தாங்கிய ஓர் உணவகத்திற் பொருத்தப்பட்டன. சில பிரசெல்ஸ் சுரங்க இரயில் நிலையமொன்றில் அலங்காரமாயின. மண்டபம் நின்றவிடத்தில் இருபத்தாறு மாடிகளைக் கொண்ட அலுவலகக் கோபுரம் எழுந்தது.

இவ்வரலாற்றுக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஹோர்ட்டாவின் நான்கு கட்டடங்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தசெல், சொல்வே, வான் ஈற்வெல்டே ஆகிய மூன்று செல்வர் மாளிகைகளும் ஹோர்ட்டாவின் சொந்த இல்லமும் கூடமுமே அவை. ஒரே கலைஞரின் கையிலிருந்து வந்த படைப்புகளுள் செல்வர் வாழ்ந்தவை சில எஞ்சின. தொழிலாளர் கூடியது எஞ்சவில்லை. ஒபெக் மாளிகையின் கதி காட்டுவதுபோல, செல்வர் மாளிகைகள் யாவும் தப்பின எனக் கூறமுடியாது. ஆயினும் மரபுரிமைப் பட்டியல்கள் காலத்தின் தெரிவை மட்டுமன்றிச் சொத்தின் தெரிவையும் பிரதிபலிக்கின்றன என்பதை இது உணர்த்துகின்றது.

4

மக்கள் இல்லத்துக்கு நேர்ந்தது தவிர்க்கமுடியாததா? அதே நாட்டில், அதே இயக்கம் எழுப்பிய மற்றொரு மண்டபம் இதற்கு விடைதருகின்றது. கென்ற் நகரின் ‘வூரையிற்’ கூட்டுறவு 1911 முதல் 1914 வரையிலான காலத்தில் தன் விழா மண்டபத்தைக் கட்டியது. அரங்கு, இசைமண்டபம், நடனக்கூடம், கோப்பிச்சாலை என விரிந்த அக்கட்டடமும் 1970களிற் கவனிப்பாரற்றுச் சீர்குலைந்தது. மக்கள் இல்லத்தை இடிக்கச் சொல்லப்பட்ட நியாயங்கள் யாவும் இங்கும் பொருந்தியிருக்கும். ஆனால் 1982இல் இளைஞரும் கலை ஆர்வலரும் உள்ளே புகுந்து அதனைக் கலைநிலையமாக இயக்கத் தொடங்கினர். முதலிற் பயன்பாடு மீண்டது. 1983இற் சட்டப் பாதுகாப்பு வந்தது. கட்டடப் புனரமைப்பு அதன்பின் படிப்படியாக 2000ஆம் ஆண்டளவில் நிறைவேறியது. இவ்வொழுங்குமுறை கருதத்தக்கது. ஆட்கள் நிறைந்த மண்டபத்தை இடிப்பது அரசியற் காரியம். வெறுமையான மண்டபத்தை இடிப்பது ஒப்பந்தகாரரின் காரியம். நெசவாலைத் தொழிலாளரின் மண்டபம் இன்று மாணவரதும் கலைஞரதும் மண்டபமாக மாறியுள்ளதென்ற விமர்சனம் நியாயமானதே. எனினும் அது பொதுமக்களுக்குத் திறந்த மண்டபமாகவே நிலைக்கின்றது.

சுவரைப் பேணிப் பயன்பாட்டை இழப்பதற்கு மான்செஸ்டர் நகரின் தாராள வாணிப மண்டபம் சான்றாகும். 1819 ஓகஸ்ட் 16இல் வாக்குரிமை கோரி ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் கூடியபோது குதிரைப்படை பாய்ந்து பதினெண்மர் வரையில் உயிரிழந்த பீற்றர்லூக் களத்திலேயே இம்மண்டபம் 1856இல் எழுந்தது. தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடிய ஆலையதிபர்களும் வணிகர்களுமே இதனை எழுப்பியவர்கள். ஆயினும் வரலாறு அதனை அவர்களிடம் மட்டும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வரத்து அற்று ஆலைகள் மூடிக்கிடந்த 1862 டிசெம்பர் 31இல், பசியுற்ற பஞ்சாலைத் தொழிலாளர் இங்கு கூடி அடிமை முறைமைக்கு எதிராக லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்தனர். அடுத்த மாதம் லிங்கன் அவர்களுக்கு மறுமொழி எழுதினார். 1905இற் கிறிஸ்டபெல் பாங்கேர்ஸ்டும் அனி கெனியும் பெண்கள் வாக்குரிமை பற்றி வினாவெழுப்பி வெளியேற்றப்பட்டதும் இம்மண்டபத்திலேதான். 1940 டிசெம்பரிற் குண்டுவீச்சினாற் சுவர்கள் மட்டுமே எஞ்சியபோது, மாநகரசபை அச்சுவர்களுக்குள் மீளக்கட்டி 1951இல் திறந்தது. போரின் அழிவிலிருந்து மீண்ட மண்டபம் சமாதானகாலத் திட்டமிடலிலிருந்து மீளவில்லை. இசைக்குழு 1996இல் புதிய மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது, கட்டடம் விற்கப்பட்டது, முகப்பைப் பேணிப் பின்புறம் இடிக்கப்பட்டு 2004இல் அங்கு உல்லாச விடுதி திறக்கப்பட்டது. தெருவில் நின்று நோக்குவோனுக்கு எதுவும் மாறவில்லை. உள்ளே கூட்டம் நடத்த விரும்புவோன் வாடகைப் பட்டியலைக் கேட்டறிய வேண்டும். பழைய நினைவுப்பலகை பீற்றர்லூ உயிரிழப்புகளைக் குறிப்பிடாதிருந்தது. மக்கள் வற்புறுத்தலின் பின் 2007இற் புதிய பலகை உயிரிழந்தோரைக் குறிப்பிட்டது. மண்டபத்தை இழந்தோர் பலகைக்காகப் போராட வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான நிலைமையை டப்ளின் நகரின் விடுதலை மண்டபத்திற் காணலாம். பழைய விடுதிக் கட்டடமொன்றை 1912இல் ஐரிஷ் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் தன் இருப்பிடமாக்கியது. 1913ஆம் ஆண்டுக் கதவடைப்பின்போது பட்டினிகிடந்த குடும்பங்களுக்கு அங்கு உணவு வழங்கப்பட்டது. 1916இற் குடியரசுப் பிரகடனம் அங்கேயே அச்சிடப்பட்டது. பழுதுற்ற அக்கட்டடத்தைச் சங்கம் 1950களின் இறுதியில் இடித்து, அதே நிலத்திற் பதினாறு மாடிக் கட்டடத்தை 1965இல் நிறைவுசெய்தது. பிரசெல்சில் மண்டபம் வீழ்ந்த அதே ஆண்டு அது. இரண்டிடத்தும் பழைய கட்டடம் அழிந்தது. இரண்டிடத்தும் கோபுரம் எழுந்தது. ஆயின் டப்ளினில் நிலம் சங்கத்தின் கையிலேயே இருந்தது. சங்கமும் அரங்கும் அங்கேயே தொடர்ந்தன. வரலாற்றுச் சுவர்களின் இழப்பு இழப்பே. அவ்விழப்பு மண்டபத்தின் முடிவாக அமையவில்லை என்பதே இங்கு முக்கியம்.

5

இந்நான்கு வரலாறுகளையும் ஒப்புநோக்கின், ‘இடிப்பதா, பேணுவதா’ என்ற வினா முழுமையற்றது என்பது தெளிவாகும். பேணப்பட்ட மான்செஸ்டர் மண்டபம் பொதுமண்டபமாக இல்லை. இடிக்கப்பட்ட டப்ளின் மண்டபம் தொழிலாளர் மண்டபமாகவே உள்ளது. இதிலிருந்து கட்டடம் பொருட்டன்று என முடிவுசெய்வதும் தவறாகும். கென்ற் நகரின் பழைய சுவர்கள் நின்றிராவிட்டால் 1982இல் அவ்விளைஞர் புகுவதற்கு இடமே இருந்திராது. நிற்கும் கட்டடம் பயன்பாடு மீள்வதற்கான வாய்ப்பைத் தன்னுள் வைத்திருக்கின்றது. இடித்த கட்டடத்தின் இலக்கமிட்ட பாகங்கள் அவ்வாய்ப்பைத் தருவதில்லை. இரும்பும் கல்லும் உண்டாக்கச் செலவான எரிபொருளும் உழைப்பும் இடிப்பினால் வீணாகின்றன என்பதும் இன்று நன்கு உணரப்பட்ட உண்மை. ஆதலின் நிரூபிக்கும் பொறுப்பு இடிக்க விரும்புவோரையே சாரும்.

அவர்களிடம் கேட்கவேண்டிய வினாக்கள் சில. மண்டபத்தை இப்போது பயன்படுத்துவோர் யாவர்; புதிய திட்டத்தில் அவர்கள் எங்கே, என்ன வாடகையிற் கூடுவர்? புதிய மண்டபம் பழையது இடிக்கப்படுமுன் திறக்கப்படுமா, அன்றிப் பின்னர் தரப்படும் என்ற வாக்குறுதி மட்டுமா? நிலம் பொதுவுடைமையாகவே இருக்குமா? பேணும் திட்டத்தை முன்வைப்போரிடமும் இவ்வினாக்களையே கேட்டல் வேண்டும். முகப்பைக் காத்து உள்ளீட்டை விற்கும் திட்டம் இவற்றுக்கு விடைதர இயலாது.

இவ்வினாக்களை எழுப்பவேண்டியவர் முதற்கண் அம்மண்டபத்திற் கூடுவோரே. பிரசெல்ஸ் மக்கள் இல்லத்துக்கு அயலிலுள்ள மரோல் என்னும் தொழிலாளர் குடியிருப்பை இடித்து நீதிமன்ற மாளிகையை விரிவாக்கும் திட்டம் 1969இல் வெளிவந்தபோது, அங்கு வாழ்ந்த மக்களே எதிர்த்தெழுந்து அதனைக் கைவிடச் செய்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுநூறு கட்டடக்கலைஞரால் இயலாததை ஒரு குடியிருப்பின் மக்கள் சாதித்தனர். அவர்கள் காத்தது கட்டடக்கலையின் தலைசிறந்த படைப்பொன்றையன்று. தாம் வாழ்ந்துகொண்டிருந்த வீடுகளை. மக்கள் இல்லத்தில் 1965இல் நாள்தோறும் கூடிக்கொண்டிருந்த மக்கள் இருந்திருப்பின் அதன் வரலாறும் வேறாக அமைந்திருக்கக்கூடும். பொதுமண்டபங்களைக் காக்க விரும்பும் இயக்கங்களும் சங்கங்களும், நகரத் திட்டம் வெளிவரும் நாள்வரை காத்திராது, அவற்றின் கதவுகளைத் திறந்துவைத்து ஆட்களால் நிறைப்பதையே தம் முதற்பணியாகக் கொள்ளுதல் வேண்டும்.